மலையில் கூப்பிட்ட பேர்

கௌலூன், ஹாங்காங்
29 மே 1962

அன்புள்ள ராத்தா ஹவ்வா உம்மாளுக்குத் தம்பி சைபுல்லாவின் ஸலாம்.

ஆறு வருஷமாக நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் நீங்கள் பதில் போடவில்லை. இதற்கும் போடாவிட்டால் பரவாயில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

மர்யமைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்காததால் நானும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். என்னைக் கட்டுவதற்கு முன் அவளுக்குச் சீனாவில் ஒரு புருஷன் இருந்தான். எல்லையிலிருந்து நாலைந்து நாள் நடக்க வேண்டிய ஊர். அவன் இறந்ததும், ஒரு வயசுப் பெண்குழந்தையைத் தன் அக்காளிடம் விட்டுவிட்டுப் பிழைக்க இங்கே வந்தாள். ஆறு மாசத்தில் திரும்பிப் போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லையை அடைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையின் பேர் யோக் லான்.

மூன்று வருஷமாக அங்கே பஞ்சம். மாசம் ஒரு பார்சல் எண்ணெயும் சர்க்கரையும் அனுப்பிக்கொண்டிருந்தோம். வழி கிடைத்தால் பிள்ளையை அனுப்புகிறேன் என்று மர்யமின் அக்காள் போன தை மாசம் எழுதியிருந்தாள். இந்த மாசம் வழி கிடைத்தது. அந்தப் பக்கத்துக் காவல்காரர்கள் திடீரென்று கண்டும் காணாததுபோல் நின்றுவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் மலை ஏறி வந்தது. இங்கே இடம் ஏது? நாங்கள் இருப்பதே ஒரு வீட்டைப் பலகையால் ஏழாகத் தடுத்த அறைகளில் ஒன்று. சர்க்கார் என்ன செய்கிறதென்றால், மலையில் பிடிபட்டவர்களுக்கு ஒரு வேளை சோறு போட்டு, லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. யார் கண்ணிலும் படாமல் நகரத்துக்குள் வந்துவிட்டால் அடையாள அட்டை கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ஊரே ரொட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனது, போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் அவரவர் ஆளைத் தேடிப் பிடிக்க.

நாங்களும் போனோம். பிள்ளையின் பேரை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாங்கி நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் உயரமும் கறுப்பும் இந்த ஊரில் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டன. மர்யம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள், பதினான்காம் தேதி, புதருக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள். நான்தான் யோக் லான் என்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ரயிலில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து வந்தாள்.

மறுநாளும் மலைக்குப் போகவேண்டும் என்று மர்யம் அடம்பிடித்தாள். பிள்ளை கிடைத்த பிறகு மலையில் என்ன வேலை என்று நான்தான் விடவில்லை. அட்டை கிடைக்கும்வரை பிள்ளையோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். எனக்கோ கடையில் லீவு முடிந்துவிட்டது. நேற்று பிள்ளைக்கு அட்டை கொடுத்துவிட்டார்கள். மலையும் இப்போது காலி என்கிறார்கள்.

ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி சைபுல்லா


ஜெகதாப்பட்டினம்
18 ஜூன் 1962

தம்பி சைபுல்லாவுக்கு ஹவ்வா உம்மாள்.

ஒரு வரி கேட்டாய். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

உன் மச்சானின் தங்கை ரஹ்மத் நிஷாவை உனக்குப் பேசி, ஊரைக் கூட்டிப் பாக்கு வெற்றிலை மாற்றியவள் நான். நீ அங்கே சீனத்தியைக் கட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினாய். ரஹ்மத் நிஷாவை அறந்தாங்கியில் ஒரு கடைக்காரருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். பெருநாளைக்கு வருவாள். வந்தால் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஹாங்காங்குல எல்லாரும் சொகமா இருக்காகளா?" இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீ எனக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம்.

உன் மச்சான் சங்கதியும் உனக்குத் தெரியாது. இலங்கைக்குத் தோணியில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது 1959-ல் பிடித்துவிட்டார்கள். எட்டு மாசம் அங்கே ஜெயில். தோணி ஓட்டுகிற தண்டல் ஜைனுதீன் என்றால் இந்தக் கரையில் தெரியாத ஆள் கிடையாது. இப்போது கடல் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. நான் சோறு போட்டால் சாப்பிடுவார். போடாவிட்டால் கேட்கமாட்டார். எனக்கும் அழுகை வந்த காலம் போய்விட்டது.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்து நாளாகப் பேசாத மனுஷர் எழுந்து உட்கார்ந்தார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "கூப்பிட்டதுக்கு அந்தப் புள்ள தானா எந்திரிச்சு வந்துச்சா? இல்ல, ஒந் தம்பி பொஞ்சாதி மொகத்தப் பார்த்துக் கண்டுபுடிச்சாளா?"

அவ்வளவுதான். மறுபடி படுத்துவிட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். கரையில் யார் எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் நான்தான் என்று சொல்லிவிடு, தோணியில் இறங்குகிறவனுக்கு அதுதான் முதல் பாடம் என்றார். நல்லதுக்குக் கேட்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. கேட்டதை மறைக்க மனசு வரவில்லை.

பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வை. பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சூடு தலைக்கு ஏறும்.

ஹவ்வா உம்மாள்


கௌலூன்
10 ஜூலை 1962

ராத்தாவுக்கு,

மச்சானிடம் சொல்லுங்கள், இது கள்ளத்தோணி இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக எண்ணெயும் சர்க்கரையும் அனுப்பியவள், யாரோ ஒரு பெண்ணைக் கூட்டிவந்து பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வாளா? ஆறு வருஷம் கழித்து எழுதுகிறீர்கள், அதிலும் இப்படி ஒரு கேள்வி.

யோக் லான் நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. சோற்றில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறாள். எறும்பு வருகிறது. திட்டாதீர்கள் என்கிறாள் மர்யம். மர்யமுக்குத்தான் பேச்சே குறைந்துவிட்டது. பிள்ளை வந்தால் ஆட்டமும் பாட்டமுமாக இருப்பாள் என்று நினைத்தேன். சந்தோஷம் அதிகமானாலும் மனுஷருக்கு இப்படி ஆகும்போல.

பிள்ளை தலையில் எண்ணெய் வைக்கவிடுகிறாள். தேங்காய் எண்ணெய் இங்கே கிடைக்கும்.

சைபுல்லா


ஜெகதாப்பட்டினம்
12 டிசம்பர் 1962

தம்பிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. நான் எப்போதும் அரபு எழுத்தில், அரபுத் தமிழில்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும். சின்ன வயசில் ஓதுகிற பள்ளியில் படித்த அந்த எழுத்துத்தான் எனக்குக் கையோடு வரும். ஆனால் இப்போது கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். சீனாவோடு சண்டை. சீனத்துப் பக்கம் போகிற கடிதத்தில் இவர்களுக்குப் புரியாத எழுத்து இருந்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தமிழில் எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன்.

ஐப்பசி மாசம் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ஹாங்காங் கடிதம் யாருக்கு வருகிறது, அங்கே யார் இருக்கிறார், சம்சாரம் எந்த ஊர் என்று கேட்டார். தம்பி இருக்கிறான், துணிக்கடையில் வேலை, அது வெள்ளைக்காரன் ஊர் என்றேன். சம்சாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆறு வருஷம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அது பொய் என்று எனக்குத் தைத்தது.

பள்ளிவாசலில் யுத்த நிதி கேட்டார்கள். என் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன். எல்லாரும் கொடுத்தார்கள்.

சண்டை நின்றுவிட்டது என்கிறார்கள். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு எழுதாதே. சிங்கப்பூர் போகிற ஒருவர் கையில் பிள்ளைக்கு இரண்டு தாவணித் துணி கொடுத்துவிட்டிருக்கிறேன். பதின்மூன்று வயசு என்றாயே.

ஹவ்வா உம்மாள்


கௌலூன்
23 ஜூன் 1963

அன்புள்ள ராத்தாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இனி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே மழை இல்லை. நாலு நாளைக்கு ஒரு தரம், நாலு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். தெருவில் ஒரு குழாய். அதற்கு முந்நூறு வாளி. தண்ணீர் கொடு என்று சீனாவைக் கேட்டிருக்கிறார்களாம். அங்கேயிருந்து அரிசி வரலாம், காய்கறி வரலாம், தண்ணீரும் வரலாம். ஆள் மட்டும் வரக்கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். மர்யமின் அக்காளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு வருஷம் கழித்து வந்த முதல் கடிதம். பெண் ஓடிவந்ததைத் தபாலில் எழுதினால் அங்கே அவளுக்குத் தொல்லை என்று நாங்களும் எழுதவில்லை, அதே பயத்தில் அவளும் எழுதவில்லை. இப்போது மக்காவ் வழியாக வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மர்யமுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குக் கடையில் துணி விற்கிற அளவுக்குப் பேச்சுத்தான் வரும். ஆகவே அந்தப் பெண்ணே வாசித்தாள். அவள் வாசித்ததைச் சொல்கிறேன்:

யோக் லான் போன வருஷம் நாலாம் மாசம் பதினாறாம் தேதி பக்கத்து வீட்டுக்காரர்களோடு புறப்பட்டாள். அவர்கள் பிடிபட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். அவள் லாரியில் ஏறவில்லையாம். என் அம்மா என் பேர் எழுதிய அட்டை வைத்துக்கொண்டு நிற்பாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மலையிலேயே தங்கிவிட்டாளாம். சேர்ந்தாளா? சேர்ந்துவிட்டாள் என்றால் பார்சலில் ஒரு சிவப்பு நூல் வைத்து அனுப்பு, நான் புரிந்துகொள்கிறேன்.

கடைசி வரி வரைக்கும் குரல் மாறாமல் வாசித்தாள் ராத்தா. வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து மர்யம் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அது சீனர்களின் சந்திரக் கணக்குத் தேதி. கடையில் இரண்டு கணக்கும் அச்சடித்த காலண்டர் தொங்குகிறது. மறுநாள் போய்ப் பழைய வருஷத்துக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நாலாம் மாசம் பதினாறு என்பது மே பத்தொன்பது. நாங்கள் பெண்ணைக் கூட்டிவந்தது மே பதினான்கு.

அந்தக் காலண்டரை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. முதலாளி கூப்பிட்டார். போய்த் துணி அளந்தேன்.

தண்ணீர் வரிசையில் நிற்கும்போது மர்யமிடம் கேட்டேன். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். ரயிலில் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். அது இவள் ஊர்ப் பேச்சு இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தா அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிப் போலீஸ்கிட்ட விட்டிருப்பீங்க. அவ லாரியில போயிருப்பா," என்றாள். உண்மைதான். விட்டிருப்பேன். அதனால்தான் மறுநாள் மலைக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். மூன்று தரம் கேட்டாள். காரணம் சொல்ல முடியாமல் கேட்டாள். நான் ஆம்பிளைத்தனமாக, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு என்றேன். பேர் எழுதிய அந்த அட்டையைக் கிழித்துப் பலகைச் சந்தில் மூட்டைப்பூச்சி வராமல் செருகினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. யோக் என்ற எழுத்து வெளியே தெரிகிறது. ஒரு வருஷமாக அதற்குக் கீழேதான் படுக்கிறேன்.

நாங்கள் இன்னும் பத்து நாள் அங்கே நின்றிருந்தால் போதும். பெண் கிடைத்துவிட்டாள் என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மச்சான் கேட்ட கேள்விக்கு நான் கோபப்பட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

இப்போது எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கடைக்குப் போகிறேன், வருகிறேன். ஒரு வாரமாக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வைக்கிற தட்டை எடுத்துச் சாப்பிடுகிறேன். இங்கே அகதிப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். மர்யம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்காளுக்கு நூல் வைப்பதா வேண்டாமா, அதையும் சொல்லவில்லை.

என்ன செய்ய?

சைபுல்லா


ஜெகதாப்பட்டினம்
9 ஜூலை 1963

தம்பி சைபுல்லாவுக்கு,

என்ன செய்ய என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரிந்திருந்தால் என் வீடு இப்படி இருக்காது. நடந்தது ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கறம்பக்குடிப் பக்கத்துக்காரன் ஒருவன், ராக்கன் என்று பேர். அவன் அண்ணன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். அண்ணன் ஏற்பாட்டில் 1958-ல் ராக்கன் உன் மச்சானுடைய தோணியில் ஏறினான். அந்தக் கரையில் இறக்கிவிட்டால், ஏஜெண்டு ஒருவன் விடியுமுன் வந்து பேர் கூப்பிடுவான். யாருக்கு ஆள் காத்திருக்கிறதோ அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போவான். மற்றவன் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். விடிந்தால் பட்டாளம் வரும். ஏஜெண்டு "ராக்கன்" என்று கூப்பிட்டபோது வேறொருவன் எழுந்து போய்விட்டான். ராக்கன் கடலில் குமட்டிக் குமட்டி, மயங்கி மணலில் கிடந்தான். உன் மச்சானுக்கு இரண்டு பேரையும் தெரியும். இவன் ராக்கன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் போனவன் பிடிபடுவான், சத்தம் கேட்டுத் தோணியும் பிடிபடும். வாயைத் திறக்கவில்லை.

ராக்கனைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கறம்பக்குடிச் சந்தையில் காய் விற்கிறான். உன் மச்சான் அந்தப் பக்கம் போனால் அவன் எழுந்து நின்று, "வாங்க தண்டல், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பான். வேறொன்றும் கேட்கமாட்டான். அவனுக்கு நடந்தது தெரியாது. இவர் ஜெயிலிலிருந்து வந்து இப்படி உட்கார்ந்துவிட்டார் என்றுதான் ஊர் நினைக்கிறது. ஜெயில் இல்லை, ராக்கன்தான். போன வருஷம் உன் கடிதம் வந்தபிறகுதான் என்னிடமே சொன்னார்.

உன் இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அன்னைக்கு எந்திரிச்சுப் போனான் பாரு, அவன் பேரு என்னான்னு நான் கேட்டுக்கவே இல்ல. தோணியில ஏத்தும்போதுகூடக் கேக்கல."

அதிலிருந்து எனக்கும் ஒன்று உறுத்துகிறது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். யோக் லான், யோக் லான் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். அது வராத பிள்ளையின் பேர். ஒரு வருஷமாக உன் வீட்டில் தட்டு வைக்கிற பிள்ளைக்கு என்ன பேர்?

நான் அனுப்பிய தாவணி யாருக்கு என்று நான் நினைத்து அனுப்பவில்லை. பட்டினி கிடந்து வந்த ஒரு பிள்ளைக்கு அனுப்பினேன். அதைக் கட்டிக்கொண்டாளா?

விடுதியில் விடுவதாக இருந்தாலும் பேரைக் கேட்டுக்கொண்டு விடு.

உன் ராத்தா
ஹவ்வா உம்மாள்


கௌலூன்
18 ஆகஸ்ட் 1963

அன்புள்ள ராத்தாவுக்கு,

கேட்டேன். கேட்பதற்கே பத்து நாள் ஆயிற்று.

கூய் யிங். அப்பா அம்மா இரண்டு பேரும் பஞ்சத்தில் போய்விட்டார்கள். யாரோடும் சேராமல் தனியாகத்தான் மலை ஏறியிருக்கிறாள். அவளுக்குப் பதினைந்து வயசாம். பார்த்தால் தெரியாது.

அவள் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன். "நாலு நாள் புதருக்குள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். எத்தனையோ பேரைக் கூப்பிட்டாங்க. என் பேரை யாரும் கூப்பிடல. அம்மா மட்டும் ஒரே பேரை மூணு நாளாக் கூப்பிட்டாங்க. ஒருத்தரும் போகல. சரி, அந்தப் பொண்ணு இல்லை போலன்னு நினைச்சேன்."

அம்மா என்றுதான் சொன்னாள். மர்யம் பக்கத்தில் இருந்தாள். அவளைத் திருத்தவில்லை.

விடுதியைப் பற்றி இனி எழுதமாட்டேன். அக்காளுக்குப் பார்சல் போய்விட்டது. சிவப்பு நூலை வைத்தது மர்யம். நான் வைக்காதே என்று சொல்லவில்லை. பார்சலில் முகவரி எழுதியது கூய் யிங். நூலை மர்யம் வைத்ததைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

கடைக்கு லீவு நாளில் நானும் மர்யமும் ரயில் ஏறி அந்த மலைக்குப் போய்வருகிறோம். புது அட்டையில் புதிதாகப் பேர் எழுதி வாங்கியிருக்கிறேன், நான்தான் தூக்கிப் பிடிக்கிறேன். மர்யம் ஒரு தரம் கூப்பிடுவாள், அப்புறம் உட்கார்ந்துவிடுவாள். அங்கே மாடு மேய்கிறது. இரண்டு போலீஸ்காரர்கள் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார்கள். பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று தரம் கேட்டாள், அப்போது போகவில்லை, அதனால் போகிறேன்.

தாவணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவரை கட்டவில்லை, மடித்து வைத்திருந்தாள். தனக்கு வந்தது இல்லை என்று நினைத்திருக்கிறாள். உங்கள் கடிதத்தில் இருந்ததை நேற்றுச் சொன்னேன். இன்றைக்குக் கட்டியிருக்கிறாள், தப்பும் தவறுமாக. யார் சொல்லிக்கொடுப்பது?

இன்றைக்குத் தண்ணீர் நாள். வரிசையில் எங்கள் முறை வந்தபோது அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். கூய் யிங் என்று கூப்பிட்டேன். நான் அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் எல்லாரையும்போலச் சுற்றிலும் பார்த்தாள். இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிறகு வந்து வாளியைப் பிடித்தாள்.

மச்சானுக்கு என் ஸலாம். அந்தப் பிள்ளை பேர் கூய் யிங் என்று அவரிடம் சொல்லுங்கள்.

தம்பி சைபுல்லா